கொலம்பியா போகிறவர்கள் கேட்பவை: வானிலை, விழாக்கள், பொழுதுபோக்கு

ஸ்பானிய மொழி பேசும் வெப்பமண்டல நாடுகளுக்குப் புறப்படுகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த மாதம் போகலாம்?" என்றுதான். கொலம்பியாவுக்கு என்றால் அதற்கு முன்பே கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது: எந்த உயரத்துக்குப் போகிறீர்கள்? உடை, சாப்பாடு, கொசு, ஆட்டம், விடுமுறைக் கொண்டாட்டம் என்று கீழே வரும் பதில்களில் பாதி அதிலிருந்தே கிளைக்கின்றன.

நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுதானே, பொகோட்டாவில் ஏன் குளிர்கிறது?

கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் வெப்பநிலை சுமார் 6 டிகிரி செல்சியஸ் குறையும். பொகோட்டா ஏறத்தாழ 2,600 மீட்டரில் இருக்கிறது. நீலகிரியின் தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர்; அந்த உச்சியில் பல லட்சம் பேர் வாழும் தலைநகரம் ஒன்று பரந்து கிடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பகலில் 18 முதல் 20 டிகிரி, இரவில் 8 அல்லது 9. ஜனவரி விடியற்காலைகளில் நகரத்துக்கு வெளியே உள்ள வயல்களில் உறைபனி படிவதும் உண்டு.

மாதத்துக்கு மாதம் இந்த எண்கள் பெரிதாக மாறுவதில்லை. ஊருக்கு ஊர்தான் மாறும். கடலோரக் கார்த்தஹேனாவில் ஆண்டு முழுக்கப் பகலில் 30 டிகிரியைத் தாண்டும், வியர்வை காயாது. சுமார் 1,000 மீட்டரில் உள்ள காலி நகரில் பகல் சூடு, மாலையில் மலையிலிருந்து காற்று இறங்கும். 1,500 மீட்டரில் உள்ள மெதெயினுக்கு "நிரந்தர வசந்தத்தின் நகரம்" என்று பெயர், அது பொருத்தமான பெயரும்கூட. உள்ளூர்க்காரர்கள் நிலத்தையே இப்படித்தான் பிரிக்கிறார்கள்: 1,000 மீட்டர் வரை சூட்டு நிலம், 2,000 வரை மிதமான நிலம், 3,000 வரை குளிர் நிலம், அதற்கு மேலே பாராமோ எனப்படும் ஈரமான புல்வெளி மலைகள்.

வார விடுமுறைகூட இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. பொகோட்டா குடும்பங்களுக்கு வெயில் வேண்டுமென்றால் கோடைக்காகக் காத்திருப்பதில்லை. சாலையில் சுமார் மூன்று மணி நேரம் கீழே இறங்கினால் 300 மீட்டர் உயரத்தில் மெல்கார், ஹிரார்தோத் போன்ற ஊர்கள். நீச்சல் குளம், குட்டைக் கால்சட்டை, குளிர்ந்த பீர். திங்களன்று மறுபடியும் கம்பளிச் சட்டை.

அப்படியானால் மழைக்காலம் எப்போது?

வெப்பமண்டலத்தின் மழைப் பட்டை ஆண்டில் இருமுறை ஆண்டிஸ் மலைப்பகுதியைக் கடக்கிறது. அதனால் பொகோட்டா, மெதெயின், காலி, காபி விளையும் மலைகள் ஆகியவற்றில் இரண்டு மழைக்காலங்கள்: மார்ச் கடைசியிலிருந்து மே வரை ஒன்று, செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை மற்றொன்று. டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரையும், ஜூலை, ஆகஸ்டிலும் ஓரளவு உலர்ந்திருக்கும்.

கரீபியக் கரையில் டிசம்பர் முதல் மார்ச் வரை காற்றுடன் கூடிய உலர் காலம். அக்டோபரில்தான் அதிக மழை. கிழக்குச் சமவெளிகளில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை மழை. பசிபிக் கரை தனிக்கதை: மழை நிற்கும் மாதம் என்று அங்கே ஒன்றும் இல்லை. சோகோ மாநிலத்தின் தலைநகர் கிப்தோவில் ஆண்டுக்கு 7,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. உலகில் அதிகம் நனையும் நகரங்களில் அதுவும் ஒன்று.

ஒரு குழப்பத்தை முன்கூட்டியே தீர்த்துக்கொள்ளுங்கள். உள்ளூர்க்காரர் "இன்வியெர்னோ" என்று சொன்னால் குளிர்காலத்தைச் சொல்லவில்லை, மழை பெய்யும் மாதங்களைச் சொல்கிறார். வறண்ட மாதங்கள் "வெரானோ". விடுதியைத் தொலைபேசியில் விசாரிக்கும்போது இது கைகொடுக்கும். லா நீன்யா ஆண்டுகளில் மழை கூடும், மலைச் சாலைகளில் மண்சரிவும் கூடும். எல் நீன்யோ ஆண்டுகளில் வறட்சி.

என்ன துணி எடுத்துப்போவது?

பொகோட்டாவுக்கு அடுக்கடுக்காக உடுத்த வேண்டும்: பருத்திச் சட்டை, மெல்லிய கம்பளி, அதன் மேல் நீர் புகாத மேற்சட்டை. தனி ஒரு கனமான கோட்டு வேண்டாம். பதினொரு மணி வெயிலில் அதைக் கையில் சுமக்க நேரும், மூன்று மணி மழையில் அது நனைந்து கனக்கும். பெரும்பாலான வீடுகளிலும் எளிய விடுதிகளிலும் அறையைச் சூடாக்கும் வசதி கிடையாது. கூடுதல் போர்வையை மாலையிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.

கடற்கரைக்குப் பருத்தியும் லினனும். ஆனால் அங்கே போகும் பேருந்தில் குளிர்சாதனம் இரக்கமில்லாமல் ஓடும். கம்பளிச் சட்டையைப் பெட்டிக்குள் போட்டுப் பேருந்தின் அடியில் தள்ளிவிடாமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

உயரம் கூடினால் புற ஊதாக் கதிரும் கூடும். மேகம் மூடிய பொகோட்டாவில் ஒரு மணி நேரம் நடந்தாலே முகம் எரியும். குளிர்கிறதே என்று சன்ஸ்கிரீன் பூசாமல் விடுகிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

உயரத்தால் உடம்புக்கு ஏதாவது ஆகுமா?

பொகோட்டாவில் பலருக்கு முதல் ஒன்றிரண்டு நாள் லேசான தலைவலி, மூச்சு வாங்கல், தூக்கக் குறைவு இருக்கும். முதல் நாள் மொன்செராத்தே குன்றின் படிகளில் ஏறாதீர்கள். அதன் உச்சி 3,152 மீட்டர். கம்பி ரயிலும் கம்பிவட ஊர்தியும் இருக்கின்றன. தண்ணீர் நிறையக் குடியுங்கள், வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள். ஒரு கோப்பை மது இரண்டு கோப்பையின் வேலையைச் செய்யும்.

வாடகை வீட்டில் சமைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 91 டிகிரியிலேயே கொதித்துவிடும். சோறு மெதுவாக வேகும். பருப்பு, கொண்டைக்கடலை திறந்த பாத்திரத்தில் வேகவே வேகாது என்று தோன்றும். குக்கர் இருக்கும் வீடாகப் பாருங்கள்.

தடுப்பூசி தேவையா? கொசு?

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி இந்தியர்களுக்கு இரட்டை அவசியம். அமேசான், தாய்ரோனா போன்ற தாழ்நிலக் காடுகளுக்கு அது தேவை என்பது ஒன்று. கொலம்பியாவை இந்தியா மஞ்சள் காய்ச்சல் நாடுகளின் பட்டியலில் வைத்திருக்கிறது என்பது மற்றொன்று. சான்றிதழ் இல்லாமல் அங்கிருந்து திரும்பினால் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்த முடியும், ஆறு நாள் வரை. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்றிதழ் செல்லுபடியாகும். கடைசி வாரத்தில் ஓடுவது பயனற்றது. அதன்பின் அது ஆயுள் முழுக்கச் செல்லும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

டெங்கு பரப்பும் கொசு சூட்டு நிலத்திலும் மித நிலத்திலும்தான். பொகோட்டாவின் குளிரில் அதற்கு வேலை இல்லை. கொசு விரட்டியை அங்கே தேடி அலையாமல், கீழே இறங்கும் நாளுக்கு எடுத்துவையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பொகோட்டாவில் என்ன செய்வது?

சிக்லோவியா. இதைத் தவறவிட்டு அருங்காட்சியக வரிசையில் நிற்பது வீண். 1974 டிசம்பரில் தொடங்கிய வழக்கம் இது: ஞாயிறும் பொது விடுமுறை நாட்களும் காலை 7 மணி முதல் பிற்பகல் 2 வரை நகரின் முக்கியச் சாலைகளில் 120 கிலோமீட்டருக்கு மேல் வாகனங்களுக்குத் தடை. சைக்கிள், ஓட்டம், உருளைச் சறுக்கு, நாயுடன் நடை, குழந்தை வண்டி என்று ஊரே தெருவில் இருக்கும். பூங்காக்களில் இலவச உடற்பயிற்சி நடனமும் நடக்கும். பின் வரிசையில் சேர்ந்துகொள்ள யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

வாடகை சைக்கிள் எடுப்பவர்கள் பாஸ்போர்ட் நகலுடன் எட்டு மணிக்குள் போனால் நல்ல வண்டி கிடைக்கும். முதலில் பிரேக்கையும் இருக்கையின் உயரத்தையும் சரிபாருங்கள். சங்கிலி கழன்றால் கவலையில்லை, வழியெங்கும் பழுது பார்ப்பவர்கள் கடை போட்டிருப்பார்கள். பக்கத்திலேயே வெட்டிய மாம்பழமும் ஆரஞ்சுச் சாறும். கிழக்கே மலை, மேற்கே சமவெளி என்பதால் வடக்கு-தெற்காக ஓடும் கர்ரேரா ஏழு போன்ற சாலைகள் பெரும்பாலும் சமதளம். கிழக்கே திரும்பினால் ஏற்றம், மூச்சு போய்விடும்.

எங்கே தவறுகிறது? வலப்பக்கம் செல்லாமல் நடுவில் நின்று படம் எடுப்பது ஒன்று. குறுக்குச் சாலைகளில் வழிகாட்டிகள் நிறுத்தச் சொல்லும்போது நிற்காமல் போவது இன்னொன்று. அங்கே கார்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். மூன்றாவது, நேரம் பார்க்காமல் தெற்கே வெகுதூரம் போய்விடுவது. இரண்டு மணி ஆனதும் தடுப்புகளை எடுத்துவிடுவார்கள், திரும்பும் வழி முழுக்கப் பேருந்துகளுக்கு நடுவே மிதிக்க வேண்டியிருக்கும். ஒரு மணிக்கே திரும்பத் தொடங்குங்கள்.

வெடிமருந்து வைத்து விளையாடுகிறார்களாமே, உண்மையா?

உண்மைதான். தேஹோ என்பது அதன் பெயர். போயாகா மலைப்பகுதியின் பழைய ஆட்டம்; 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கொலம்பியாவின் தேசிய விளையாட்டு.

சாய்வாக வைத்த மரப்பெட்டியில் ஈரக் களிமண் நிரப்பியிருக்கும். அதன் நடுவே ஓர் இரும்பு வளையம், பெயர் போசீன். வளையத்தின் விளிம்பில் மெச்சா எனப்படும் சிறு முக்கோணக் காகிதப் பொட்டலங்களை வைப்பார்கள்; உள்ளே வெடிமருந்து. ஏறத்தாழ 680 கிராம் எடையுள்ள உலோக வட்டை 19 மீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்திலிருந்து வீச வேண்டும். வட்டுக்கும் வளையத்துக்கும் நடுவே நசுங்கினால் மெச்சா வெடிக்கும். மையத்துக்கு மிக அருகில் விழுந்தவருக்கு 1 புள்ளி, மெச்சா வெடித்தால் 3, வட்டு வளையத்துக்குள் புதைந்தால் 6, இரண்டும் ஒருசேர நடந்தால் 9. வழக்கமாக 27 எடுத்தவர் வெற்றி.

புதியவர்கள் கிரிக்கெட் பந்துபோலத் தோளுக்கு மேலே வீசுவார்கள். வட்டு தட்டையாகப் பறந்து பின்பலகையில் மோதும். கையைத் தாழ்த்தி, முன்னும் பின்னும் ஒருமுறை ஆட்டி, உயரமாக வளைந்து விழும்படி விட வேண்டும். மேலிருந்து இறங்கும் வட்டுதான் களிமண்ணில் நிற்கும். முதல் அரைமணி நேரம் பாதித் தூரத்தில் நின்று பழகுங்கள், கடைக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார். சரியாக அடித்தும் வெடிக்கவில்லையென்றால் மெச்சா களிமண் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். புதிதாக ஒன்று வையுங்கள். மூடிய காலணி அவசியம். எதிரணி வீசும்போது பெட்டிக்கு அருகில் ஒருபோதும் நிற்கக் கூடாது. பல இடங்களில் ஆடுகளத்துக்குத் தனிக் கட்டணம் இல்லை, பீர் வாங்கினால் போதும். ஆட்டம் முன்னேற முன்னேற குறி ஏன் மோசமாகிறது என்பதற்கும் அதுதான் விடை.

சல்சா கற்றுக்கொள்ளக் காலிதான் போக வேண்டுமா?

கற்க எங்கேயும் கற்கலாம். பார்க்கக் காலிக்குப் போக வேண்டும். அங்கே ஆட்டத்தின் வேகம் முழுக்கக் காலில் இருக்கிறது, தோளும் மார்பும் அமைதியாக இருக்கும். அறுபதுகளில் நிமிடத்துக்கு 33 சுழற்சிக்கான இசைத்தட்டுகளை 45-இல் ஓடவிட்டு ஆடியதால் வந்த வேகம் என்று ஊரில் சொல்வார்கள்.

அடிப்படை எட்டு எண்ணிக்கை: ஒன்று, இரண்டு, மூன்று அடி வைத்து நான்கில் இடைவெளி, ஐந்து, ஆறு, ஏழு அடி வைத்து எட்டில் இடைவெளி. காலி பாணியில் அந்த இடைவெளியைச் சும்மா விடாமல் பெரும்பாலும் ஒரு கால்தட்டால் நிரப்புவார்கள். அடி எவ்வளவு சிறிதோ அவ்வளவு வேகமாக ஆட முடியும். அகலமாக அடி வைப்பவர்தான் தாளத்தில் பின்தங்குவார். ரப்பர் அடிப்பாகக் காலணி தரையைப் பிடித்துக்கொள்ளும், திரும்பும்போது முழங்கால்தான் முறுக்கும். வழவழப்பான தோல் அடிப்பாகம் நல்லது. மாற்றுச் சட்டை ஒன்றும் எடுத்துப்போங்கள், ஊர் சூடு.

தெரியாதவரை ஆட அழைப்பது அங்கே சாதாரணம். ஒரு பாட்டு ஆடி, நன்றி சொல்லி, மேசை வரை கொண்டுவந்து விடுவது முறை. அதில் காதல் எதையும் தேட வேண்டாம். முதியவர்கள் ஆடும் "வியேஹோதேகா" அரங்குகள் ஞாயிறு பிற்பகலில் திறக்கும். எழுபது வயதுக்காரர்களின் காலைக் கவனித்தால் எந்தப் பள்ளியிலும் கிடைக்காத பாடம் கிடைக்கும். டிசம்பர் 25 முதல் 30 வரை காலித் திருவிழா. முதல் நாள் சல்சா பள்ளிகளின் பெரும் ஊர்வலம்.

பர்ரான்கியா, பாஸ்தோ: எந்தக் கார்னிவல்?

இரண்டுமே யுனெஸ்கோ பட்டியலில் உள்ளவை, ஆனால் உடம்புக்கு முற்றிலும் வேறான அனுபவங்கள். பர்ரான்கியா கடலோரம். கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய நான்கு நாட்கள்: சனிக்கிழமை மலர்ப் போர் ஊர்வலம் (1903 முதல்), செவ்வாயன்று ஹொசெலீத்தோ என்ற பொம்மைப் பாத்திரத்தின் "இறுதிச் சடங்கு", ஊரே பொய்யாக ஒப்பாரி வைக்கும். நடுவே கும்பியா நடன வட்டங்கள், நீண்ட மூக்கும் பெரிய காதுமாக மரிமோண்டா முகமூடிகள். மதிய வெயிலில் ஊர்வலம் நடப்பதால் பார்வையாளர் மேடைக்குச் சீட்டு வாங்கும்போது நிழல் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். மக்காச்சோள மாவும் நுரையும் முகத்தில் வந்து விழும். கோபித்துக்கொள்ளக் கூடாது. மாவை ஈரக் கையால் துடைத்தால் பசையாகும். உலர்ந்த துணியால் தட்டிவிடுங்கள். தொலைபேசியை நெகிழி உறையில் வையுங்கள்.

பாஸ்தோ தெற்கே 2,500 மீட்டரில். ஜனவரி 5 கறுப்பர் நாள், 6 வெள்ளையர் நாள். முதல் நாள் முகத்தில் கரிய மை, அடுத்த நாள் டால்கம் பவுடர். பெரும் காகிதக்கூழ் உருவங்களைச் சுமந்த வண்டிகள்தான் இதன் உச்சம். கைவினை என்று பார்த்தால் பர்ரான்கியாவைவிட இது ஒரு படி மேல். நுரையோடு குளிரும் சேரும், ஆகவே தலைவழியே அணியும் போர்வையான போன்சோவும் கண்ணாடியும் வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் 6-ஆம் தேதி தெருவில் இறங்காமல் மாடியிலிருந்து பார்ப்பது நல்லது.

காடு, கடல், மலை: எவை மூடியிருக்கும்?

தாய்ரோனா தேசியப் பூங்காவைப் பழங்குடி மக்களின் வேண்டுகோள்படி ஆண்டில் மூன்று முறை மூடுகிறார்கள். வழக்கமாகப் பிப்ரவரித் தொடக்கம், ஜூன் தொடக்கம், அக்டோபர் இறுதி. பயணச்சீட்டுக்கு முன் தேதியைப் பாருங்கள். உள்ளே அர்ரெசீஃபெஸ் கடற்கரை மிக அழகானது, ஆனால் அங்கே நீரோட்டம் பலரைக் கொன்றிருக்கிறது. குளிக்க இன்னும் நடந்து லா பிஸீனா கடற்கரை வரை போங்கள்.

"தொலைந்த நகரம்" எனப்படும், காட்டுக்குள் உள்ள பழங்குடி நகரச் சிதைவான சியூதாத் பெர்தீதாவுக்குக் குறைந்தது நான்கு நாள் நடை, உரிமம் பெற்ற குழுவுடன் மட்டும். கடைசியில் சுமார் 1,200 கற்படிகள். செப்டம்பரில் மூடியிருக்கும். நீர்த்தாவரத்தால் சிவக்கும் கான்யோ கிறிஸ்தாலெஸ் ஆறு ஜூன் முதல் நவம்பர் வரை திறந்திருக்கும். நீரில் இறங்குபவர்கள் சன்ஸ்கிரீனோ கொசு விரட்டியோ பூசக் கூடாது. பசிபிக் கரையில் ஜூலை முதல் அக்டோபர் வரை கூன்முதுகுத் திமிங்கலங்கள்.

கோகோரா பள்ளத்தாக்கின் மெழுகுப் பனைகள் 60 மீட்டர் வரை வளரும். நாட்டின் தேசிய மரம் அதுதான். அருகிலுள்ள சாலெந்தோ ஊரின் சதுக்கத்திலிருந்து பழைய வில்லிஸ் ஜீப்புகள் போகும். முதல் ஜீப்பைப் பிடியுங்கள், மதியத்துக்குப் பின் மழை கிட்டத்தட்ட உறுதி. முழுச் சுற்றுக்கு ஐந்து மணி நேரம். சேறு கணுக்காலுக்கு மேல் வரும் என்பதால் ரப்பர் பூட்ஸ் வாடகைக்கு எடுப்பது வெட்கப்பட வேண்டிய விஷயமல்ல.

சைவர்கள் என்ன சாப்பிடுவது?

"வெஹெத்தாரியானோ" என்று மட்டும் சொன்னால் கோழியோ ஹாமோ வந்துவிடலாம். "சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ" என்று இறைச்சி, கோழி, மீன் மூன்றையும் பெயர் சொல்லி விலக்குங்கள். பீன்ஸ் பெரும்பாலும் பன்றிக்கொழுப்புடன் வேகும், சூப்புகளின் அடி எலும்புச் சாறு. இரண்டையும் கேட்டே வாங்குங்கள். பொகோட்டாவின் புகழ்பெற்ற அஹியாகோ மூன்று வகை உருளைக்கிழங்கும் குவாஸ்காஸ் கீரையும் சேர்ந்தது, ஆனால் அதுவும் கோழிச் சாறுதான்.

நம்பத்தக்கவை: அரேபா என்னும் மக்காச்சோள ரொட்டியும் பாலாடைக்கட்டியும், கடலோரத் தேங்காய்ச் சோறு, பொரித்த வாழைக்காய்ப் பதகோன். பதகோனை வீட்டிலும் செய்யலாம். நல்ல பச்சை வாழைக்காயை மூன்று சென்டிமீட்டர் துண்டுகளாக்கி, மிதமான எண்ணெயில் மூன்று நான்கு நிமிடம் பொரித்து எடுத்து, தட்டின் அடியால் அரை சென்டிமீட்டர் தடிமனுக்கு நசுக்கி, உப்பும் பூண்டும் கலந்த நீரில் ஒரு நொடி தோய்த்து, நீர் வடியவிட்டு, சூடான எண்ணெயில் மறுபடி மொறுமொறுப்பாகப் பொரிக்க வேண்டும். முதல் எண்ணெய் அதிகம் காய்ந்திருந்தால் உள்ளே வேகாமல் நசுக்கும்போது உடையும். காய் பழுக்கத் தொடங்கியிருந்தால் கறுத்துத் துவளும்.

குளிர் ஊர்களில் அகுவாபனேலா குடியுங்கள்: நம் ஊர் வெல்லத்தைப் போன்ற பனேலாவைக் கொதிநீரில் கரைத்தது, அதில் பாலாடைக்கட்டித் துண்டைப் போட்டு இளகவிட்டுத் தின்பார்கள். பழச்சாறு கேட்டால் "நீரிலா பாலிலா" என்பார்கள். புளிப்பான லூலோ நீரில், குவானாபனா என்கிற முள்ளு சீத்தா பாலில். மஞ்சள் பித்தாயாப் பழத்தை நீண்ட பேருந்துப் பயணத்துக்கு முன் சாப்பிட வேண்டாம், வயிற்றை இளக்கும்.

பழகும் முறையில் கவனிக்க வேண்டியவை?

கடைக்குள் நுழைந்ததும், மின்தூக்கியில் ஏறியதும் "புவேனோஸ் தீயாஸ்" (காலை வணக்கம்) சொல்லாமல் நிற்பது மரியாதைக் குறைவு. பொகோட்டாவில் வீட்டாருக்குள்கூட "நீங்கள்" என்பதற்கு ஈடான "உஸ்தேத்" என்ற மரியாதைச் சொல் புழங்கும். "நீ" என்பதற்குக் கடற்கரையில் "தூ", காலியிலும் மெதெயினிலும் "வோஸ்". சந்தேகம் வந்தால் உஸ்தேத் எங்கேயும் தப்பாகாது. விருந்து எட்டு மணிக்கு என்றால் எட்டரைக்கு மேல் போங்கள். போதைக் கடத்தல்காரர்களைப் பற்றிய நகைச்சுவையை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். அங்கே பல குடும்பங்களில் அதனால் செத்தவர்கள் இருக்கிறார்கள். உணவகத்தில் 10 விழுக்காடு சேவைத் தொகையைச் சேர்க்கலாமா என்று பணியாளர் கேட்பார். அது விருப்பம்தான். முன்பின் தெரியாதவர் தரும் பானத்தை மட்டும் எங்கேயும் வாங்கிக் குடிக்காதீர்கள்.

விடுமுறை நாட்கள் பயணத்தைப் பாதிக்குமா?

மிகவும். ஆண்டில் 18 பொது விடுமுறைகள். 1983-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றால் அவற்றில் பல திங்கட்கிழமைக்கு நகர்ந்துவிடுகின்றன. அந்த நீண்ட வார இறுதிகளில் வெள்ளி மாலை பொகோட்டாவிலிருந்து வெளியேறுவதும் திங்கள் பிற்பகல் திரும்புவதும் வேண்டாம். புனித வாரம், டிசம்பர் 15 முதல் ஜனவரி நடு வரை கடற்கரை விடுதிகளின் வாடகை தாறுமாறாக ஏறும்.

தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்கிடாதீர்கள். பொகோட்டாவிலிருந்து மெதெயின் சாலையில் நானூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான், ஆனால் மலைத்தொடர் ஏறி இறங்கிப் பேருந்து போய்ச்சேர ஒன்பது பத்து மணி நேரம். விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குள்.

பொகோட்டாவில் தங்க அருங்காட்சியகத்துக்குத் திங்களன்று விடுமுறை, ஞாயிறன்று அனுமதி இலவசம். பொத்தேரோ அருங்காட்சியகம் எந்நாளும் இலவசம், செவ்வாய் மட்டும் மூடியிருக்கும்.

மின்சாரம், நேரம்?

110 வோல்ட், தட்டைக் கம்பிச் செருகி. கைப்பேசி, மடிக்கணினி மின்னேற்றிகள் மாற்றுச் செருகி இருந்தால் ஓடும். 220 வோல்ட்டுக்கான மிக்ஸியும் முடி உலர்த்தியும் ஓடாது. இந்திய நேரத்தைவிடப் பத்தரை மணி நேரம் பின்னே, ஆண்டு முழுக்க அப்படியே. வீட்டுக்குப் பேச அங்கே காலை எட்டு மணி நல்ல நேரம். இங்கே மாலை ஆறரை.